நாலாவது பந்து

மனைவியின் சிரிப்புக்கு அன்றைய விலை மூன்று எலுமிச்சம்பழம்.

அதுவும் காய்கறிக்காரர் கொசுறாகப் போட்டுக் கொடுத்த பழங்கள். இவ்வளவு மலிவாகச் சரக்கு கிடைத்தால் எந்த வியாபாரிக்கும் ஒரு சந்தேகம் தட்டும். பீங்கான்காரருக்குத் தட்டவில்லை. கூரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி. அவர் எதற்கும் நன்றி சொல்லிவிடுகிற ஆள். மழை வந்தால் மழைக்கு, நின்றால் குடைக்கு.

பீங்கான்காரர் என்று பெயர்தானே தவிர, கடை அவருடையது அல்ல. கோப்பையும் தட்டும் விற்கும் கடையில் விற்பனையாளர். "கையில எடுத்ததைக் கீழே போடாத மனுஷன்" என்று முதலாளி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொள்வார். பேரம் இழுத்துக்கொண்டே போனால், இவர் மூன்று கோப்பைகளை எடுத்து மாற்றி மாற்றி எறிந்து பிடித்துக் காட்டுவார். வந்தவர் பிளந்த வாயை மூடுவதற்குள் முதலாளி பில்லைக் கிழித்துவிடுவார்.

அதே மூன்றைத்தான் வீட்டில் எலுமிச்சம்பழத்தில் போட்டுக் காட்டினார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த நாளாக ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையாமல், சுவரோடுகூடச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த மனைவி, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அன்றைக்குத்தான் வாசலில் அவரை ஓரங்கட்டிச் சொல்லியிருந்தாள்.

"தையல் நல்லா ஆறிடுச்சு சார். கால்ல ஒண்ணுமே இல்ல. பயம்தான். நான் எழுந்திருங்கம்மான்னா முறைக்கிறாங்க, நடங்கம்மான்னா திட்டுறாங்க. இப்படியே உட்கார்ந்திருந்தா மூட்டு இறுகிப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் அந்த நாற்காலிதான்."

பீங்கான்காரர் ஜன்னலோர நாற்காலியை எட்டிப் பார்த்துக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணணும்?"

"நீங்க அவங்க மனசைச் சந்தோஷமா வச்சிருங்க. காலை நான் பாத்துக்கறேன்."

ஆக, வேலை பிரித்தாகிவிட்டது. மனசு இவருடைய இலாகா.

ஆனால் சிரிப்பு என்பது பழைய பாக்கி மாதிரி. முதல் தடவை கேட்டால் கொடுத்துவிடுவார்கள், மறுபடி போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாரம் திரும்புவதற்குள் மனைவி கொட்டாவி விட்டாள்.

"ஏங்க, எப்பப் பாத்தாலும் மூணுதானா? கைதான் ரெண்டு இருக்கே, நாலாப் போடறது!"

"நாலு என்ன, நாளைக்கே போட்டுக் காட்டறேன் பாரு!"

மூன்று தெரிந்தவனுக்கு நாலு என்ன பெரிய விஷயம், ஒன்றுதானே கூடுதல் என்று நினைத்தார். நாலு பிள்ளை பெற்றவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாலு பழமும் நெற்றிக்கு நேரே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திசைக்கொன்றாகத் தெறித்தன. ஒன்று நசுங்கித் தரையெல்லாம் பிசுபிசுத்தது.

"பழத்துல கோளாறு" என்று ரப்பர் பந்து வாங்கி வந்தார். அவை முட்டிக்கொண்டதோடு நில்லாமல், விழுந்து எம்பி, மறுபடி விழுந்து எம்பின. கீழ்வீட்டு வக்கீல் மாடியேறி வந்தார்.

"சார், உங்க வீட்டுல என்ன சார் இடிக்கிறீங்க? நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

"நல்ல வேளை, நேர்ல வந்து சொன்னீங்க. ரொம்ப நன்றி சார்" என்றார் பீங்கான்காரர். சண்டைக்கென்று வந்தவருக்கு அதற்கு மேல் எந்தச் சட்டப் பிரிவும் ஞாபகம் வரவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

இவர் தரையில் மெத்தையை விரித்தார். மறுநாள் பயிற்சிக்கு வந்த பெண் மெத்தையைப் பார்த்தாள், நாலு பந்தைப் பார்த்தாள், நாற்காலியில் முறைத்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தாள்.

"என்ன சார் இது?"

அவர் விஷயத்தைச் சொன்னார். "உனக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யறதுக்கு எங்க படிப்புலயே இது உண்டு. நான் அஞ்சுகூடப் போடுவேன்."

பீங்கான்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "அப்ப நாலு எப்படிம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மூணு மாதிரியேதான் சார். வலது கையிலேர்ந்து இடதுக்கு, இடதுலேர்ந்து வலதுக்கு. குறுக்கே குறுக்கே. கொஞ்சம் வேகமாப் போடுங்க, அவ்வளவுதான். முதல்ல இந்த மெத்தையைச் சுருட்டுங்க. மெத்தை இருந்தா கை சோம்பேறியாயிடும்."

"கீழ்வீட்டுல திட்டுவாரேம்மா."

"மெத்துனு பந்து வாங்குங்க. சத்தம் வராது. நல்லா உருளணும், அது முக்கியம். ஒரு கூடை வாங்கி வச்சிருங்க. விழுந்ததை நீங்க குனிஞ்சு எடுக்கக் கூடாது. தோள் சூடு ஆறிடும். அடுத்ததை எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

இப்படி ஒரு வாத்தியார் வீடு தேடி வந்ததற்கு அவர் இரண்டு முறை நன்றி சொன்னார்.

அன்றிலிருந்து காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை. குறுக்கே குறுக்கே, வேகமாக. அத்தனையும் நடுவானில் மோதி, கட்டிலுக்கடியில், அலமாரிச் சந்தில், நாற்காலிக் காலுக்குள் என்று ஓடி ஒளிந்தன. மனைவியோ தரையில் ஒரு நூல் கிடந்தால் சாப்பாடு இறங்காத ரகம்.

"வீடா இது, குடோனா? கால் வைக்க இடமில்ல!"

பின்னாலிருந்து ஒரு பந்து பறந்து வந்து அவர் பிடரியில் பட்டது. அடுத்தது முதுகில். எறியக் குறைவில்லாமல் அவளுக்குச் சரக்கு வந்துகொண்டே இருந்தது.

"திரும்பாதீங்க சார், அதுதான் கவனப் பயிற்சி" என்று அந்தப் பெண் அதற்கும் ஒரு விளக்கம் சொன்னாள்.

இடையில் அவருக்கே ஒரு யோசனை வந்தது. பழைய காலுறைகளில் மணலை நிரப்பி முடிச்சுப் போட்டார். விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இரண்டு நாள் வீட்டில் அமைதி. மனைவி மறுபடி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் வந்தாள். காலுறைகளைக் கையோடு எடுத்துப் போய் மணலைப் பூந்தொட்டியில் கொட்டினாள்.

"உருளாத பந்துல பழகினா கை ஏமாந்துடும் சார்!"

"எனக்குத் தெரியாமப் போச்சேம்மா. நல்ல வேளை சொன்னே."

வீட்டு வினை கடைக்கும் நடந்து வந்தது. ஒரு வாடிக்கையாளர் தேநீர்க் கோப்பைக்குப் பேரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, பழக்க தோஷத்தில் பீங்கான்காரர் கை நாலாவது கோப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டது. குறுக்கே, வேகமாக. அந்தக் கடையில் யாரும் கேட்டறியாத ஒரு சத்தம் கேட்டது.

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "யோவ்! கீழே போடாத மனுஷன்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கேனேய்யா!"

"மன்னிச்சிருங்க முதலாளி. நாலாவது இன்னும் படியல."

"படியற வரைக்கும் நீ பீங்கானைத் தொடாதே. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் வாளி இருக்கு. அங்க போய் நில்லு."

வாளிகளுக்கு நடுவே அவர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். பேர் போனது. வீட்டில் சிரிப்பும் வரவில்லை, வருவதெல்லாம் வசவு. மூட்டு இறுகிப் போனால் என்ன செய்வது? உடையாத சாமானைக் கொடுத்தாரே என்று முதலாளிக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். அது அரை மனசு நன்றிதான்.

அன்று மாலை, சிக்னலில் நின்ற வண்டிகளுக்கு முன்னால் ஒருவன் நாலு வளையங்களை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது. பீங்கான்காரர் வீட்டுக்குப் போகாமல் அவனிடம் போனார்.

"தம்பி, இவ்வளவு வேகமா எப்படிக் குறுக்கே போடறே?"

"குறுக்கேயா? யாருண்ணே சொன்னது? நாலு கைமாறவே மாறாது. வலது கைக்கு ரெண்டு, இடது கைக்கு ரெண்டு. அதது அதது கையிலயே. பாக்கிறவனுக்குத்தான் கலந்த மாதிரி தெரியும்."

"அப்ப மூணு?"

"மூணு கூட்டுக் குடும்பம்ணே. நாலு தனிக்குடித்தனம். மாத்திப் போட்டா முட்டிக்கத்தான் செய்யும்."

பீங்கான்காரர் பையிலிருந்த நோட்டுகளை எல்லாம் எடுத்து அவன் கையில் திணித்தார்.

மறுநாளிலிருந்து கடையிலேயே, விழுவது அதில் விழட்டும் என்று இரண்டு வாளிகளைப் பக்கத்துக்கொன்றாக வைத்து, கைக்கு இரண்டிரண்டு பந்தாகப் பழகினார். வலதுக்கு வலது, இடதுக்கு இடது. சில நாட்களிலேயே படிந்துவிட்டது. ஒரு மாலை, வீட்டுக் கூடத்தில் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க பாரு!"

நாலு பந்துகளும் இரண்டு நீரூற்று மாதிரி எழுந்து எழுந்து இறங்கின. ஒன்றுகூட விழவில்லை. மனைவி முகவாயில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். முதல் நாள் சிரித்தாளே, அதைவிட ஒரு பிடி கூடவே.

"கெட்டிக்காரர்தான்! இருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்."

எழுந்தாள். நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை, கைத்தடியைத் தேடவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

பீங்கான்காரர் கையில் பந்துகளோடு அப்படியே நின்றார். காலியான நாற்காலியைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சிப் பெண் உள்ளே வந்தாள்.

"பாத்தியாம்மா! நாலாவது பந்து விழாம நின்னுது, அவ எழுந்துட்டா!" என்றவர், பெருமை தாங்காமல் இன்னொரு தரம் போட்டுக் காட்டினார். "ஆனா ஒண்ணு. தப்பா நினைச்சுக்காதே. நீ சொல்லிக் கொடுத்தது சுத்தத் தப்பும்மா. குறுக்கே போட்டா ஜென்மத்துக்கும் விழுந்துக்கிட்டேதான் இருக்கும்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

அவள் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"குனிஞ்சு எழுந்திருங்கம்மான்னு நான் தலைகீழா நின்னும் ஒரு தடவைகூடச் செய்யல சார். உங்களை அடிக்கறதுக்காகக் கட்டிலுக்கடியில எல்லாம் பூந்து எடுத்தாங்க. நீங்க கீழே போட்டது அத்தனையும் அவங்க குனிஞ்சு எடுத்தாச்சு. கணக்கு நேர் சார், நான் நாளையிலேர்ந்து வர வேண்டாம்."