பொன் யட்சிணியும் மூன்று காதுக் கிண்ணங்களும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, மாசி மாதம். காவேரிப்பட்டினம் சந்தைக்கு வந்த கூட்டத்தில் முக்கால்வாசி கத்தரிக்காய் வாங்க வரவில்லை. காதைக் காட்ட வந்திருந்தது. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! ஒருத்தன் தும்மினால் நாலாவது ஆள் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கிருஷ்ணகிரி பஸ் அரைமணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தது. வழி கிடைக்கவில்லை. கடைசியில் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து வரிசையில் நின்றுகொண்டார்கள்.

எல்லாம் பூமிநாத சாமிகளின் மகிமை.

சாமிகளிடம் ஒரு யந்திரம் இருந்தது. முதுகில் ஒரு பெட்டி, கையில் நீளக் கழி, கழியின் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு. யுத்தத்தில் சிப்பாய்கள் கண்ணிவெடி தேடிய சாமான். பெங்களூர் ராணுவ ஏலத்தில் ஓட்டை பூட்ஸுகளோடு சேர்ந்து வந்தது. சாமிகள் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். அந்த நிமிஷமே அது இமயமலையிலிருந்து வந்ததாகிவிட்டது.

யந்திரத்தைவிடப் பெரிய சங்கதி, அதில் சொருகிக் கேட்கும் காதுக் கிண்ணம். வளைந்த கம்பியில் காதுக்கொன்றாக ரெண்டு கிண்ணம்; படித்தவர்கள் ஹெட்போன் என்பார்கள். சாமிகளிடம் அது மூன்று. மஞ்சள் நூல் சுற்றியதில் பொன் யட்சிணி, வெள்ளை நூலில் வெள்ளி யட்சிணி, சிவப்பு நூலில் செம்பு யட்சிணி. பூமிக்குள் கிடப்பதை அவரவர் இலாகாப்படி காதில் ஓதுவார்கள். எந்தக் கிண்ணம் யாருக்கு ஒத்துவரும் என்பதுதான் சூட்சுமம். நட்சத்திரம் சொல்லி, குலதெய்வத்தின் பேர் சொல்லி, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். தப்பானதைத் தொட்டுவிட்டால் போச்சு. மண்ணுக்குள் இருக்கும் குடத்துக்குக் கால் முளைத்து அடுத்த ஊருக்கு நடந்துவிடும்.

தொழிலின் நேர்த்தியைப் பாருங்கள்! தோண்டிய இடத்தில் புதையல் இல்லையென்றால் சாமிகள் பொய்யில்லை. நீ தொட்ட கிண்ணம் பொய்.

இன்னொரு சட்டமும் உண்டு. குடத்தைக் காக்கிற பூதம் மரத்து வேரில் குடியிருக்கும். மரத்தைச் சாய்த்தால்தான் அது இடத்தைக் காலி செய்யும். சாய்ந்த மரம் யட்சிணியின் பங்கு. யட்சிணிக்கு மரம் எதற்கு, அவள் என்ன விறகு அடுப்பா எரிக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மரங்கள் வண்டியேறி ஓசூர் தாண்டிச் செங்கல் சூளைக்குப் போனதை மட்டும் ஊரே பார்த்தது. பார்த்து, வண்டிக்கு வழிவிட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

கெம்பம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் புருஷன் திம்மராயனுக்கும் சொத்து என்று இருந்தது ஆறு மாமரம். கல்யாணமான வருஷம் வைத்த கன்றுகள். தென்பெண்ணையிலிருந்து குடம் குடமாக அவள் இடுப்பிலேயே வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. வருஷச் சோறு அதில்தான். இப்போது கொத்துக்கொத்தாகப் பிஞ்சு விட்டிருந்தன. நேற்று நடு மரத்தடியில் சாமிகளின் தட்டு போனதும் கிண்ணத்துக்குள் யட்சிணி வீறிட்டாளாம். ஏழு குடம் பொன்னாம். நாளைக் காலை திம்மராயன் கிண்ணத்தைத் தொட்டதும் ஆறு மரத்துக்கும் கோடாலி.

"ஏங்க, அந்த மரத்தடியிலதான பதினஞ்சு வருஷமா சந்தை மாடுங்களத் தள்ளி லாடம் அடிக்கிறாங்க? தேஞ்ச லாடமும் ஒடஞ்ச ஆணியும் பூரா அங்கதான கெடக்குது? இரும்பப் பாத்து கத்துது அந்த எழவு!"

திம்மராயன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "லாடம் மேல கெடக்குது. குடம் கீழ கெடக்குது. ஒனக்கு இன்னா தெரியும்?"

"குடம் இல்லேன்னா?"

"கிண்ணத்த மாத்தித் தொட்டுட்டோம்னு அர்த்தம்."

"மரம்?"

"மரம் போனா இன்னா மே? பொன்னு வந்தா மரத்தயே பொன்னுல செஞ்சு நட்டுடலாம்."

பொன் மரத்தில் பிஞ்சு விடுமா என்று கேட்க வாயெடுத்தவள், கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும்.

மறுநாள் தோப்பில் நிற்க இடமில்லை. இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறினார்கள். வெட்டப்போகிற மரம் என்பதுகூட அவர்களுக்கு மறந்துபோயிற்று. ஓரமாக நாலு கோடாலிக்காரர்கள், ரெண்டு காலி வண்டி. முன் வரிசையில் பக்கத்துக் காட்டு முனிவேல். போன மாதம் அவனுடைய ரெண்டு புளியமரம் சூளைக்குப் போயிருந்தன. அதில் அவனுக்குச் சாமிகள்மேல் கோபம் இல்லை. வெள்ளை நூலைத் தொட்ட தன் வலது கைமேல்தான் கோபம். அன்றிலிருந்து அதைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறான்.

திம்மராயன் கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணியை எடுத்தபோது கெம்பம்மா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமீ, நாங்க மண்ணு அள்ளற கையி. தப்பாத் தொட்டுருவோம். முனிவேலு தொட்டு நாசமாப் போனான். நீங்க மகான். நீங்களே கண்ணக் கட்டிக்கினு, காதுல பேசறது எந்த யட்சிணின்னு சொல்லிடுங்க. அப்பறம் கொடம் எங்க நகரும்?"

"ஆமா சாமி!" என்று முதலில் கத்தியது முனிவேல். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. பக்தி அப்படிப் பொங்கியது.

சாமிகள் தாடியைத் தடவினார். இவ்வளவு பக்தியை எப்படி மறுப்பது? மறுத்தால் கோடாலி நிற்கும், வண்டி காலியாகத் திரும்பும். "ஆகட்டும் தாயே" என்றார். அவர் கண்ணை அவருடைய துணியாலேயே கெம்பம்மா இறுக்கிக் கட்டினாள். "யட்சிணி பேசும்போது யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அவரே உத்தரவும் போட்டார்.

கெம்பம்மா தன் கூடையை நிமிர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினாள். உள்ளே பத்துத் தேய்ந்த லாடம். அதைத் தரையில் கவிழ்த்தாள். மூன்று கிண்ணங்களில் சிவப்பு நூலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு, சாமிகளின் தலையில் மாட்டி, வயரைப் பெட்டியில் சொருகினாள். தட்டைக் கூடைப்பக்கம் இழுத்து விட்டாள்.

சாமிகளின் உடம்பு குலுங்கியது. "ஆகா! பொன் யட்சிணி! மஞ்சள் கிண்ணத்தில் வந்துவிட்டாள்! ஏழல்ல, எட்டுக் குடம்! சொக்கத் தங்கம்!"

கூட்டம் மூச்சு விடவில்லை. ஆனால் கூட்டத்தின் வாய் திறந்துகொண்டது. முனிவேல் சிவப்பு நூலைப் பார்த்தான், கூடையைத் தூக்கிப் பார்த்தான், லாடத்தைப் பார்த்தான், தன் வலது கையைப் பார்த்தான்.

"இப்ப வேற கிண்ணம் சாமி" என்றாள் கெம்பம்மா. வெள்ளை நூலை மாட்டினாள். இந்தத் தடவை வயரைச் சொருகவில்லை. அது சாமிகளின் முதுகில் மாட்டு வால் மாதிரி தொங்கி ஆடியது. குட்டிப் பூனைக்குக்கூடப் புரிகிற காட்சி.

சாமிகள் கிண்ணத்தைக் காதோடு அழுத்திப் பார்த்தார். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை, பாவம். ஆனால் இத்தனை பேர் காத்திருக்கும்போது யட்சிணி எப்படி வராமல் இருப்பாள்? "வந்துவிட்டாள்... செம்பு யட்சிணி... கன்னடத்தில் பேசுகிறாள்..."

"இன்னா சொல்றா சாமி?"

"ஆறு மரமும் உடனே சாய வேண்டும் என்கிறாள்!"

மரத்தின்மேல் இருந்த ஒருத்தன் சிரித்துச் சிரித்துக் கிளையோடு கீழே வந்தான். அடுத்து எழுந்த சிரிப்பு ராயக்கோட்டை வரைக்கும் கேட்டது. சாமிகள் துணியை அவிழ்த்தார். முதுகுப்பக்கம் கையை விட்டு வாலைத் தொட்டுப் பார்த்தார். இமயமலை ஒரே நொடியில் இறங்கிவிட்டது.

"அக்கா, வுட்டுடுக்கா! சூளைக்காரன் மரத்துக்கு இவ்ளோன்னு குடுத்தான்க்கா!" என்று கெம்பம்மாவைக் கும்பிட்டார்.

ஓரத்தைப் பார்த்தால் கோடாலிக்காரர்களும் இல்லை, வண்டியும் இல்லை. முனிவேல் சாமிகளின் தாடியை அந்த வலது கையாலேயே கொத்தாகப் பிடித்தான். "அப்போ எங் கொடம் நகரவே இல்லியா?"

"நகந்தது ஒன் புளியமரம்தான் முனிவேலு" என்றாள் கெம்பம்மா. "சூளை வரைக்கும் நகந்துது."

சாமிகளை இழுத்துக்கொண்டு பாதிக் கூட்டம் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தது. மீதிக் கூட்டம் கலையவில்லை. மூன்று கிண்ணத்தையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருத்தன் மெதுவாக மஞ்சள் நூலைத் தலையில் மாட்டிக்கொண்டான். பார்த்தால், திம்மராயன்!

"இல்ல மே, சாமிதான் பொய்யி. கிண்ணம் நெசமா இருந்தா? எதுக்கும் எங்க தோண்டலாம்னு ஒரு தபா கேட்டுப்..."

கெம்பம்மா மாம்பிஞ்சுகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷன் தலைமேல் வளைந்திருந்த கம்பியை விரலால் தட்டினாள்.

"கிண்ணம் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடக்குதே, பொறந்ததுலேருந்து ஒருத்தரும் தொடாம! தோண்டறதுன்னா மொதல்ல அங்க தோண்டுங்க."