பக்கத்து மனையைப் பதிய வேண்டாம்

சாரல் நகர்,
குற்றாலம் சாலை, தென்காசி.

அன்புள்ள மைத்துனர் சுந்தரபாண்டியனுக்கு அத்தான் பலவேசம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா முப்பிடாதியும் சுகம். அங்கே பட்டாளத்தில் உன் சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். இந்த வருஷம் சாரல் பிரமாதம். ஐந்தருவியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் யார் வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லையோ என்று தோன்றும். நிற்க. அடுத்த மாதம் லீவில் வந்து என் வீட்டுக்குப் பக்கத்து மனையைப் பதியப் போகிறாயே, அதைப் பதியாதே. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மனை விற்ற நம்பிராஜன் பூங்காவுக்கென்று தனிக் கட்டணம் வாங்கினான் அல்லவா? வரைபடத்தில் பச்சை அடித்த அந்த இடத்தில் நின்ற பெரிய மருதமரத்தை வெட்டி அடிக்கட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கேட்டால், "பூங்காவ ஊராட்சிக்கு எழுதிக் குடுத்தாச்சு அண்ணாச்சி, புல்லு பிடுங்குத வேலை எங்களுக்கு இல்ல" என்கிறான். ஊராட்சி ஆபீஸில், "அவரு செடி வச்சு வளத்துக் காட்டட்டும், பெறகுதான் எடுத்துக்கிடுவோம்" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து, அதற்குள் பாம்பு குடித்தனம் நடத்துகிறது. ஒருநாள் சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் அந்த அடிக்கட்டை மேலேயே ஏறி நின்று கத்தினேன்: "ஏலே, எவன் இந்த இடத்தப் பாத்துக்கிட்டாலும் சரி, அவன் வேலைக்கு நானும் பதில் வேலை செய்யுதேன்!" நம் வடகரையில் நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் நீ என் வயலில் இறங்கு, நான் உன் வயலில் இறங்குகிறேன் என்று பேசிக்கொள்வோமே, அந்தப் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது. அங்கே ஒரு ஆளும் இல்லை.

மறுநாள் பார்த்தால் அத்தனை களையும் பிடுங்கி ஓரமாகக் குவித்திருக்கிறது. பிறகு புல் வந்தது, கன்றுகள் வந்தன. போலீஸில் குப்பை கொட்டியவன் சும்மா இருப்பேனா? தடம் எடுக்கலாம் என்று பூங்கா முழுக்க அரிசிமாவைத் தூவினேன். காலையில் மாவு தூவினது தூவினபடி கிடக்கிறது, நட்டநடுவில் புதிதாக ஒரு கன்று நிற்கிறது. குடியிருப்போர் சங்கத் தலைவர் உவைஸிடம் ஓடினேன். "ஓசில நடக்குத வேலைய எதுக்கு அண்ணாச்சி துப்புத் துலக்குதீய?" என்று சொல்லி, முகம் தெரியாத அந்த ஆளுக்கு நன்றித் தீர்மானம் வேறு போட்டுவிட்டார்.

அதற்கப்புறம்தான் மாப்ள என் முறை வந்தது. தூங்கி எழுந்தால் கையெல்லாம் கொப்புளம், கால் விரலிடுக்கில் செம்மண். உன் அக்கா சொல்லுதா, "விடியக்காலம் மம்பட்டியத் தூக்கிட்டுப் போறீய, கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கீய"ன்னு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எங்கதான் போறேன்னு மண் சிந்தின வழியே போய்ப் பார்த்தேன். நீ வாங்கப் போற மனை! கயிறு பிடிச்ச மாதிரி வரிசையாக் குழி, குழிக்கு ஒரு மருதங்கன்னு. எல்லாம் நான் வெட்டின குழி. பூங்காவுல அந்த அடிக்கட்டையும் துளிர்த்திருக்கு. நேத்து நம்ம நடுவீட்டு டைல்ஸ் வெடிச்சு அங்கேயும் ஒரு துளிர். திருடனுக்குப் பயப்படாதவன் இப்ப என் கைக்குப் பயப்படுதேன் மாப்ள. வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துட்டு வடகரைக்கே போயிடலாம்னு இருக்கேன். நீயாவது தப்பிச்சுக்கோ.

குற்றாலநாதர் உன்னையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் பலவேசம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. மேலே எழுதியதை மறந்துவிடு. இன்று நல்ல முழிப்போடு நானாகவே போனேன். மண்ணில் கை வைத்ததும் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. ஆனால் இடம் பெரிது, ஒரு ஆளால் முடியாது. அதனால் அடிக்கட்டை மேல் நின்று உன் பெயரையும் சொல்லிவிட்டேன். மனையை அவசியம் பதிந்துவிடு. மண்வெட்டி வாங்கி வராதே. உனக்கென்று புதிதாக ஒன்று வாசலில் சாத்தியிருக்கிறது. உன் அக்கா, தான் வைக்கவில்லை என்கிறாள், நானும் வைக்கவில்லை.