மானியத்துக்கு நட்ட புல்

அதிகாரி வர இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. அவர் பார்க்க வேண்டிய புல் மஷூரின் மாடுகளின் வயிற்றில் இருந்தது.

பத்மாசனி போனைத் திரும்பவும் பார்த்தாள். செய்தி சிங்களத்தில் இருந்தது. திகதியும் ஒன்பதரை என்ற நேரமும் மட்டும் புரிந்தன.

"என்னா போட்டிருக்கு?" என்றான் கணவன் தனுஷன்.

"புல்லு பாக்க வர்றாங்களாம்."

"நல்லா பாத்தியா?"

"வேற எத பாக்க? நம்ம காணியில புல்லுதானே இருக்கு?"

"இருந்துச்சு."

நிவித்திகல பஜாரில் கடை வைத்திருப்பவள் அவள். தோட்டத்து ஆட்களுக்குக் கந்தோரில் காரியமென்றால், சிங்களம் பேச அவளைத்தான் கூட்டிப்போவார்கள். அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது என்பது கட்டியவனுக்கே தெரியாது.

மீள்நடுகை மானியத்துக்கு ஒரு முறை உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேற மானாப் புல் வளர்த்து, பிறகுதான் புதுக்கன்று நட வேண்டும். புல் இல்லையென்றால் இரண்டாம் தவணை இல்லை. வாங்கிய முதல் தவணையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் புல்லைத்தான் போன கிழமை மஷூருக்கு விற்றிருந்தார்கள்.

"பத்துக் கட்டுல மூணுதான் மிச்சம்," என்றான் மஷூர், புல்லைத் திரும்பக் கேட்டு வந்தவர்களிடம். "மத்தது மாட்டுக்குள்ள. மாட்டையே நடுறீங்களா?"

மூன்று கட்டையும் வாங்கிவந்து பாதையோரமாகக் குத்தி நட்டார்கள். மறுநாள் மத்தியான வெயிலில் அது வைக்கோலானது.

பத்மாசனி கடையிலிருந்து பலகாரத்துக்குப் போடும் பச்சைக் கலரை எடுத்துவந்து, மருந்தடிக்கும் தாங்கியில் கரைத்தாள்.

"இது திங்கிற கலராச்சே?"

"வர்றவரு மேயவா வர்றாரு? அடிங்க!"

விடியற்காலை மழை பெய்தது. புல் மறுபடி மஞ்சளானது. பாதை பச்சையானது. சரிந்த புல்லை நிமிர்த்தப் போன தனுஷன் முழங்கால்வரை பச்சையாக வந்தான்.

ஒன்பதரைக்கு அதிகாரி கேதீசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மூன்று கிழமை. தனுஷனின் கால்களைப் பார்த்தான்.

பத்மாசனி சரளமாகச் சிங்களத்தில் தொடங்கினாள்.

"தமிழிலயே சொல்லுங்கோ அக்கா."

"புல்லு நல்லா புடிச்சிருக்குங்க சேர். வெயில்லதான் கொஞ்சம் வாடிருச்சு."

அவன் ஒரு புல்லை மெல்ல இழுத்தான். வேரில்லாமல் கையோடு வந்தது. தனுஷன் வானத்தைப் பார்த்தான். கேதீசன் அதை இருந்த துளையிலேயே செருகிவிட்டு, சிங்களப் படிவத்தில் கையெழுத்திட்டான்.

"ரெண்டாவது தவணை கிடைக்குங்களா சேர்?"

"வரும்."

பத்மாசனிக்கு மூச்சு வந்தது. வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"வேரு இல்லன்னு பாத்தீங்கதானே? அப்புறம் எப்படிங்க சேர் கையெழுத்து வச்சீங்க?"

கேதீசன் தனுஷனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதக்கா, நீங்கள் புல்லைக் காட்டினாப் பிறகுதான், நான் புல்லுப் பாக்க வந்தனான் எண்டே எனக்கு விளங்கினது."