நெத்திலியும் ரெண்டு யானையும்

இந்த ஞாயிறோடு நெத்திலி ஆய்வதற்கு முழுக்குப் போடுவது என்று தீர்மானித்தேன். ஒரு கிலோ நெத்திலிக்கு எத்தனை தலை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அத்தனையையும் கிள்ளுகிறவன் நான்.

ஆறு நாள் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறேன். என் மனைவி செங்கொடியும் ஆறு நாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். அதனால் மீன் ஆய்வதில் முறை வைத்திருந்தோம். அந்த முறையை ஒழிக்க எனக்குக் கிடைத்த ஆயுதம், போனில் இறக்கிய செஸ் புரோகிராம்.

லேசுப்பட்ட மூளை இல்லை அது. எங்கள் வியாசர்பாடி செஸ் மன்றத்தில் மூத்த ஆட்டக்காரர் லட்சுமணன் ஒரு சிக்கலை அடுக்கிவைத்து, நாலே நகர்த்தலில் ராஜாவைப் பிடிக்கச் சொன்னார். ஐந்து பேர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். போன் ராணியைத் தூக்கி வெட்டுக் கொடுத்தது, கண் இமைப்பதற்குள் கதையை முடித்தது. பூரித்துப்போய் அன்றே செங்கொடியிடம் சவால் விட்டேன். காய்களை அவள் இஷ்டத்துக்கு அடுக்கலாம். என் போன் ஜெயித்தால் இனி நெத்திலி முழுக்க அவள் பாடு.

“ஜெயிக்கலன்னா?” என்றாள்.

“ஆயுசுக்கும் நானே ஆயறேன்.”

“தோத்தான்னு கேக்கல மாமா. ஜெயிக்கலன்னான்னு கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மே.”

இரண்டு பக்கத்துச் சிப்பாய்கள் பதினாறையும் பலகையின் குறுக்கே, மூக்கோடு மூக்கு முட்ட, மேலும் கீழுமாக நிறுத்தினாள். ஒன்றும் நகர முடியாது, ஒன்றையொன்று வெட்டவும் முடியாது. அந்தப் பக்கம் அவளுடைய ராஜா ஒண்டியாக. இந்தப் பக்கம் என் ராஜாவுக்குத் துணையாக இரண்டு யானை. பார்க்கவே பாவமாக இருந்தது. போனோ, நான் பத்துப் பாயின்ட் முன்னால் இருப்பதாகக் காட்டியது. அவளை இன்னொரு தபா யோசித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் துவைத்த துணியை மடித்தபடி, ஆடு என்றாள்.

போன் யானையை வலது பக்கம் தள்ளச் சொன்னது. தள்ளினேன். அவள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். போன் யானையை இடது பக்கம் தள்ளச் சொன்னது. அவள் ராஜா பழைய இடத்துக்கே வந்தது. யானைகளைக் கட்டம் மாற்றி மாற்றி இப்படியே ஐம்பது நகர்த்தல். துணி மடித்து முடிந்தது. ஐம்பது நகர்த்தலில் ஒரு சிப்பாயும் அசையாமல், ஒரு காயும் வெட்டுப்படாமல் இருந்தால் ஆட்டம் டிரா. சட்டம் எனக்கும் தெரியும்.

“இத்த எங்கம்மே கத்துகின?”

“உங்கிட்டதான். தெனம் வூட்டுக்கு வந்து இன்னா சொல்லுவ? வண்டில எவ்ளோ பவர் இருந்து இன்னா, கேட்டு தொறக்கல, ஆறு மணி நேரமா முன்ன பின்ன உருட்டிகினு நின்னேன்னு பொலம்புவியே. சிப்பாய்ங்கள மூடுன கேட்டா நிறுத்தி, உன் ரெண்டு யானையயும் வெளிய நிக்க வெச்சேன். அவ்ளோதான்.”

நெத்திலித் தட்டு என் மடிக்கு வந்தது.

ஏழு வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, அதே காய்களை அடுக்கிப் பார்க்கிறேன். இன்னமும் நான்தான் ஜெயிக்கிறேனாம்.