கண்ணைப் பார்த்துப் பேசவும்

"கீழ பாக்காதீங்க. என் கண்ணப் பாருங்க."

"உன் கண்ணத்தான் பாக்கறேன்."

"இல்லங்க. ஸ்கிரீன்ல என் கண்ணப் பாத்தா எனக்கு உங்க இமைதான் தெரியுது. தூங்கி வழியற மாதிரி இருக்கு. கேமராவப் பாருங்க."

காளிதாசன் கேமராவைப் பார்த்தான். காரின் முன்கண்ணாடி ஓரத்தில், டிஷ்யூ பெட்டியில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் பிரேமாவதி திருப்தியாகத் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதை அவன் பார்க்கவில்லை. கேமராவை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தான்.

மலேசியாவின் வடகோடியில், அலோர் ஸ்டாரில் ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடம். சனிக்கிழமை, பதினொன்றே முக்கால். காரில் ஏ.சி. வேலை செய்து ஒரு வருடம் ஆகிறது. உள்ளே பன்னிரண்டு மணிக்கு அவனுடைய நிறுவனத்தின் அறிமுக விருந்து. வாடிக்கையாளர்களும் எல்லாக் கிளை ஊழியர்களும் கலந்து பழக வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. கலந்து பழகுவது என்றால் என்ன என்று போடவில்லை.

தோட்டங்களுக்கு அரிவாளும் தள்ளுவண்டியும் மருந்தடிக்கும் பம்பும் விற்கிற நிறுவனம் அது. புக்கிட் செலம்பாவ் கிடங்குக்கு காளிதாசன்தான் பொறுப்பு. அவன் மனைவி பிரேமாவதி தென்கோடியில், ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் தாதி. அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதனால் அவன்தான் போக வேண்டும். ஜொகூருக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதினான். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று மூன்று முறை பதில் வந்தது.

இப்போது ஜொகூர் கிடங்கில் ஓர் இடம் காலியாகியிருந்தது. மலாக்காவிலும் ஈப்போவிலும் ஆளுக்கொருவர் அதைக் கேட்டிருந்தார்கள். முடிவு செய்ய வேண்டியவர் தென் வட்டாரத் தலைவர் பரஞ்சோதி. அவர் இன்றைய விருந்துக்கு வந்து, நாலு மணி விமானத்தில் திரும்புகிறார். அவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

பேசுவதில்தான் சிக்கல். காளிதாசன் மேலதிகாரிகளை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல மாட்டான். காலணியை வைத்துச் சொல்வான். பன்னிரண்டு வருடமாக அவன் பார்த்தது அதைத்தான்.

ஆகவே மூன்று வாரமாகப் பிரேமாவதி பாடம் நடத்தினாள். கையைக் கட்டக் கூடாது. பேசுவதற்கு முன் சிரிக்க வேண்டும். பெண்கள் கை நீட்டினால் ஒழிய நீட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடத்துக்காக அவன் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருந்தான். பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பில் வந்தவள், அலமாரிக் கண்ணாடியில் ஒரு அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அதை நகத்தால் மெல்ல எடுத்துக் கைப்பேசியில் கேமராவுக்கு மேலே ஒட்டிக்கொண்டான். பசை பாதி போயிருந்தது. இருந்தாலும் நின்றது. பொட்டைப் பார்த்துப் பேசினால், அவன் தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு அவள் தெரிய மாட்டாள். அவளைப் பார்த்தாலோ, அவளுக்கு அவன் கண் கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் எண்ணூறு கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும்.

"போதுங்க, நேரமாச்சு," என்றாள் பிரேமாவதி. "மூணு விநாடி. அதுக்கு மேல பாத்தா முறைக்கற மாதிரி ஆயிரும். ஓகேவா?"

"ஓகே."

"சாப்டுட்டுப் பேசுங்க. பசியில உளறுவீங்க."

அழைப்பு அணைந்தது. அந்த அதிர்வில் கைப்பேசி வழுக்கி, பிரேக் பக்கம் விழுந்து, அவன் ஷூவில் பட்டது. பள்ளிப் புத்தகத்தை மிதித்துவிட்டவன் போலப் பதறி எடுத்து, வியர்த்த முகத்தில் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டான். அவளையே காலால் தொட்டுவிட்டது போல் இருந்தது. கைப்பேசியைச் சட்டைப்பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு இறங்கினான். தெற்கே, வெயிலின் கடைசியில், ஜெராய் மலை நீலமாக நின்றது. ஜொகூர் அதற்கும் அப்பால், நெடுந்தூரம் அப்பால்.

வாசலில் நின்ற காவலாளி வயதானவர். சட்டையில் அம்மாசி என்று பெயர் இருந்தது. அவர் காளிதாசனைப் பார்த்ததும் இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனார். காளிதாசன் முதலில் சிரித்து, மூன்று விநாடி பார்த்து, பதிலுக்கு ஒரு சலாம் வைத்தான். அவர் மறுபடியும் நெற்றியைத் தொட்டார். இவனும் மறுபடியும் வைத்தான். ஒரு பெரியவரே இவ்வளவு மரியாதை தருகிறார் என்றால் இன்றைக்கு நல்ல நாள்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

பெயர் அட்டை கொடுக்கும் மேசையில் மனிதவளப் பிரிவின் கேரன் இருந்தாள். இதுவரை தொலைபேசியில் மட்டுமே பேசியவள். குனிந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் பெயரைச் சொன்னான்.

"காளிதாசன் அண்ணேதானே? உங்க லெட்டர் மூணையும் நான்தான் மேல அனுப்புனேன். பாவம் லா, அக்கா அங்க, நீங்க இங்க..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

காளிதாசனுக்கு உடனே காரணம் புரிந்தது. மூன்று வாரம் பொட்டைப் பார்த்தே பழகிய கண், இப்போதும் கண்ணை விட்டுவிட்டு நெற்றிக்கு ஏறியிருந்தது. கேரன் கிறிஸ்துவப் பெண். நெற்றியில் பொட்டு இல்லை. உட்கார இடம் கிடைக்காத ஈ மாதிரி அவன் பார்வை அங்கே அலைந்துகொண்டிருந்தது. பாவம், அந்தப் பெண்ணின் விரல் தானாகவே போய்ப் புருவங்களுக்கு நடுவே தடவியது.

"அண்ணே," என்றாள் குரலைத் தாழ்த்தி. "நீங்க... கண்ணாடி பாக்கலயா?"

"கண்ணாடி போடற அளவுக்கு இல்லம்மா. தூரத்துல உள்ளதெல்லாம் நல்லாத் தெரியும்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். பெயர் அட்டையை அவனிடம் நீட்டிவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கத் திரும்பினாள். முதல் ஆளிடமே தவறாகிவிட்டது. இனி பார்வையைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று காளிதாசன் முடிவு செய்தான். நெற்றி வேண்டாம். மூக்கு.

பான மேசையருகே இஞ்ஞாசிமுத்து நின்றிருந்தார். செம்பனைக் குலை அறுக்கும் குத்தகைக்காரர், கிடங்குக்குப் பழைய வாடிக்கையாளர், சட்டைக்கு வெளியே ஒரு சிலுவை தொங்கும். அவருடைய மூக்கைப் பார்த்து காளிதாசன் வணக்கம் சொன்னான். அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு மாதிரி உற்றுப் பார்த்து, மெல்லக் கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டார்.

சாப்பிடுவதற்கு முன் சிலுவை போடப்போகிறார் என்று காளிதாசனுக்குப் பட்டது. ஒருவர் ஜெபிக்கும்போது மூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை. தலையை நன்றாகக் குனிந்துகொண்டான். சிறிது நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. நீண்ட ஜெபம். இன்னும் குனிந்தான்.

"ஆமென்," என்றான் கடைசியில், உதவியாக இருக்கட்டும் என்று.

இஞ்ஞாசிமுத்து சுற்றுமுற்றும் பார்த்து இருமினார். "வீட்ல எல்லாம் சௌக்கியமா தம்பி?"

"வீட்டுக்காரி ஜொகூர்ல சார். நான் இங்க தனியாத்தான் இருக்கேன்."

"அப்படியா," என்றார் அவர். அந்த 'அப்படியா' கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு தட்டில் மீஹூன் நூடுல்ஸ் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. தூரத்தில் வேறு இரண்டு பேரிடம் அவர் ஏதோ சொல்வதும், அவர்கள் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவதுதான் கலந்து பழகுவது போலிருக்கிறது என்று காளிதாசன் தேற்றிக்கொண்டான்.

ஆனால் போகப் போக அது மோசமாகியது. மூக்கைப் பார்த்தால் நெற்றியைத் தொட்டார்கள். தாடையைப் பார்த்தாலும் நெற்றியைத்தான் தொட்டார்கள். கழுத்துப் பட்டையைப் பார்த்தபோது ஒரு பெண் கைக்குட்டையை எடுத்துத் தன் நெற்றியைத் துடைத்துக்காட்டியே விட்டாள். ஹோட்டலில் ஏ.சி. குளிராகத்தான் இருந்தது. மரியாதை தெரிந்த மனிதர்கள், முகத்துக்கு நேரே குறை சொல்லாமல் நாசூக்காக நகர்ந்தார்கள். இரண்டு மணிக்கு அவனைச் சுற்றி ஒரு சிறிய காலியிடம் உருவாகியிருந்தது. அவன் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது.

பரஞ்சோதி இரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். காளிதாசன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே கைப்பேசி இருக்கிறது, அதில் அவள் பொட்டு இருக்கிறது என்ற நினைப்பே ஒரு தெம்பு. காலியிடத்தோடு சேர்ந்து அவரை நோக்கி நடந்தான்.

பெரிய உருவம். கறுப்புத் தோல் காலணி. அதைத் தாண்டி, மிகுந்த முயற்சியோடு, பார்வையை மேலே ஏற்றினான். ஏற்றியவன் அப்படியே நின்றான். பரஞ்சோதியின் நெற்றியில், திருநீற்றுக்கு நடுவே, அழகாக ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

பொட்டு இருந்தால் போதும் அவனுக்கு. மற்றதெல்லாம் தானாக வந்தது. சிரித்தான், கை குலுக்கினான், பெயரைச் சொன்னான், தடுமாறாமல் விஷயத்துக்கு வந்தான்.

"மனைவி ஜொகூர்ல," என்றார் பரஞ்சோதி. "நீங்க புக்கிட் செலம்பாவ்ல."

"ஆமா சார். ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"தனியாவா?"

"தனியாதான் சார்."

பரஞ்சோதி அவன் கண்ணைப் பார்க்கவில்லை. சற்று மேலே பார்த்தார். பெரியவர்களும் கேமராவைப் பார்த்தே பழகிவிட்டார்கள் போல. காளிதாசனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சந்தனப் பொட்டு மங்கி, அரக்கு நிறமாகி, அதற்குப் பின்னால் அவள் இருப்பது போலவே தோன்றியது. அவளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொல்லத் தொடங்கினான்.

"தாங்க முடியல சார். ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு, ஒண்ணத் திரும்ப உள்ள வைப்பேன். மனசு கெட்டுப் போகாம இருக்க என்னென்னமோ பண்ணிப் பாக்கறேன்."

"அது தெரியுது," என்றார் பரஞ்சோதி.

"இன்னிக்குக்கூட வெளியில கார்லயே இருபது நிமிஷம் இருந்து, மனசத் தேத்திக்கிட்டுத்தான் சார் உள்ள வந்தேன்."

"கார்லயா?"

"கார் பார்க்லதான் சார். யாரும் பாக்கல."

பரஞ்சோதி கண்ணை மூடித் திறந்தார். கேரனை அழைத்தார். அவள் வந்து, காளிதாசனைப் பார்க்காமல் நின்றாள்.

"இவரு மேல இதுவரைக்கும் ஏதாச்சும் புகார் இருக்கா?"

"இல்ல சார். இதுவரைக்கும் இல்ல."

"ஜொகூர் இடத்துக்கு இவரு பேரப் போடுங்க. திங்கக்கிழமையே அங்க இருக்கணும். முத்திப் போறதுக்குள்ள அனுப்பிடறது நல்லது."

காளிதாசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிவை ஒரு நோயாகப் புரிந்துகொள்ளும் மனிதர் இந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. பரஞ்சோதி அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா நல்லவங்களாத்தான் இருக்கணும். போயி ஒழுங்கா குடும்பம் நடத்துங்க."

"கட்டாயம் சார்," என்றான்.

வெளியே வந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னான். அந்தப் பக்கம், மருத்துவமனையில் யாரோ தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் சக்கரம் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கண்ணப் பாத்துப் பேசுனீங்களா?"

"கொஞ்சம் மேல பாத்துட்டேன்."

அவள் சிரித்தாள். அழுகைக்கு நடுவே வரும் அந்தச் சிரிப்பை அவன் பார்த்து எவ்வளவு காலமாகிறது. "வார்டுல இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வீடியோல வரேன். உங்க மூஞ்சியப் பாக்கணும் எனக்கு," என்று வைத்துவிட்டாள்.

அவன் வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்றான். ஐந்து நிமிடம். பிறகு இரண்டு நாள். திங்கட்கிழமை அவன் அவளுடைய கண்ணைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே நொடியில், அவளும் அவனுடைய கண்ணைப் பார்ப்பாள். நடுவில் கேமரா இருக்காது. மூன்று விநாடிக் கணக்கு இருக்காது. அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. ஜெராய் மலைமேல் ஒரு மேகம் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

அம்மாசி மெதுவாக அவனிடம் நடந்து வந்தார். வந்து நின்று, மறுபடியும் இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனார். காளிதாசன் நிமிர்ந்து, வாழ்க்கையிலேயே மிக நல்ல சலாம் ஒன்றை அவருக்கு வைத்தான்.

"நான் சலாம் வைக்கல தம்பி, நீங்க உள்ள போறப்பருந்தே காட்டிக்கிட்டு இருக்கேன்," என்றார் அம்மாசி. "நெத்தியில ஒட்டியிருக்கே, யாரோட பொட்டு அது?"