பூந்தண்ணீர் குடித்த என்ஜின்

திலிம்சான்,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய பெனாமர் மச்சானுக்கு, தைய்யிப் எழுதுவது. சலாம். இங்கே எல்லாரும் நலம். ஓரானில் உங்கள் உடைந்த காலும் மாவுக்கட்டுக்குள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதை வாசிக்குமுன் கண்ணாடியும் சவரக்கத்தியும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்த ஓட்டை வண்டியில பொண்ணை ஏத்தினா மாப்பிள்ளை வீட்டு வாசல்ல செத்து நிக்கும், இல்லேன்னா என் மீசையை எடுத்துடுறேன்"னு சொன்னது நீங்கதானே?

நீங்கள் பயந்ததிலும் தப்பில்லை. வண்டி ஓடும்போது குதிரை, நின்றால் குளிர்ஜுரம் வந்த கிழவன். கல்யாண ஊர்வலமோ நத்தை வேகம். அதுவும் மாப்பிள்ளை வாசலில் மேளக்காரன் ஓயும்வரை என்ஜினை அணைக்காமல் நிற்கணும். நடுவில் அணைந்தால் ஊர் முழுக்க சிரிக்கும், பெண்ணுக்கு ஆயுசுக்கும் அதுவே பேச்சாகிவிடும். நானும் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், நிற்கும்போது என்ஜின் வேகத்தை வைக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகி, இடப்பக்கம் திருகி, கடைசியில் அது முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோச்சு. கண்ணேறுதான் காரணம் என்று உங்கள் தங்கை வண்டிக் கண்ணாடியில் வெள்ளிக் கை ஒன்றைத் தொங்கவிட்டாள். வண்டி குலுங்கின குலுக்கில் அந்தக் கை எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது.

மருதாணி வைக்கிற அன்று மத்தியானம் மாடியில் பெண்கள் குலவையிட, நான் கீழே பானட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். நம்ம வஸீலா, கல்யாணப் பெண், ரெண்டு கையும் சிவப்புப் பட்டு உறைக்குள் கட்டியிருக்க, குத்துச்சண்டைக்காரி மாதிரி படியிறங்கி வந்தாள்.

"வாப்பா, பிளக்கைப் போட்டுப் படுத்தாதீங்க. ஓடும்போது நல்லாத்தானே இருக்கு? நின்னாத்தானே ஆடுது? எங்கயோ வெளிக்காத்தைக் குடிக்குது."

"எங்கேம்மா குடிக்குது?"

"என் கையைத்தான் கட்டிப் போட்டிருக்காங்களே! நீங்க தண்ணி தெளிச்சுப் பாருங்க. ஓட்டை மேல பட்டா அது அடைபட்டு ஒரு நொடி ஆட்டம் நிக்கும்."

கைக்கு எட்டினது, விருந்தாளிகள் மேல் ஆரஞ்சுப் பூந்தண்ணீர் தெளிக்கிற குப்பிதான். அவள் மோவாயால் காட்டக் காட்ட ஒவ்வொரு குழாயாகத் தெளித்தேன். என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற ரப்பர் காற்றுக் குழாயின் முனையில் பட்டதும் வண்டிக்கு ஒரு நொடி மூச்சு சீராகி, மறுபடி குலுங்கியது. "அங்கதான்!" என்று கத்தினாள். கிட்டப் பார்த்தால் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. "அந்த முனையை வெட்டிட்டு மாட்டி, கிளிப்பை இறுக்குங்க. நல்லா இறுக்குங்க வாப்பா, அதுக்கு வலிக்காது!" இறுக்கினேன். பால் குடிச்ச பூனை மாதிரி முணுமுணுத்தது மச்சான், என்ஜின்! பெத்தவன் சொல்லக் கூடாது, ஆனா என்ன பிள்ளை அது! வண்டி ஏதாவது சொல்லும்போது நான் மேலே மேலே பேசிக்கிட்டிருப்பேன், அவள் கேட்டுக்கிட்டிருப்பாள். உங்கள் தங்கை என்னைப் பற்றிச் சொல்ற புகாரும் அதுதான்.

மறுநாள் மேளக்காரன் ஓயவே இல்லை. வண்டி இம்மியும் ஆடவில்லை. கதவைத் திறந்து அவள் இறங்கிப் போனபோது அந்தத் தெருவில் குலுங்கினது நான் ஒருத்தன்தான். ஆகவே, மீசை.

உங்கள் எலும்பும் எங்கள் குழாயைப் போல் கசிவில்லாமல் சேர அல்லாஹ் அருள்வானாக. வீட்டில் எல்லாருக்கும் சலாம்.

இப்படிக்கு,
தைய்யிப்

பி.கு.: மீசையை எடுக்க அவசரப்படாதீர்கள். இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் செவ்வாய் ஆகிவிட்டது, வண்டி மறுபடி குலுங்குது. போன் போட்டேன், வஸீலா மாமியார் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பானட்டைத் திறந்தாள், கிளிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது தானாக் கழன்ற கிளிப் இல்லையே, வாப்பா." நான் வானத்தைப் பார்த்தேன். "அடுத்த தடவை வெள்ளிக்கிழமையாப் பாத்துக் கழட்டுங்க. உம்மா கூஸ்கூஸ் ஆக்குற நாளாச்சே."