உங்கள் தங்கை கோடிட்ட இடத்தை நிரப்புகிறாள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, சாவிக்கடையிலிருந்து உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் தங்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற அறையிலிருந்து வரவேற்பு மேஜைக்குப் போக, வருகிற திங்கட்கிழமை அவள் ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறாள். கோடிட்ட இடத்துக்குக் கீழே நாலு வார்த்தை கொடுத்திருப்பான், ஒன்றுதான் சரி. மச்சான், எனக்குப் புல்லரித்துப்போயிற்று. நேற்றுப் போனதற்கு ஒரு வார்த்தை, இன்று போவதற்கு ஒன்று, போய்விட்டு வந்திருந்தால் வேறொன்று. நாலும் ஒரே குடும்பத்து ஜாடை. காலமெல்லாம் சாவி வெட்டுகிற நானே பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்துத்தான் சொல்வேன். இவளோ வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு "ரெண்டாவது" என்கிறாள். மகாராணி உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். அதனால் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் கேள்வி தப்பு. அடுத்ததும் தப்பு. பக்கம் முழுக்கத் தப்பு, போனால் போகிறதென்று இரண்டு மட்டும் சரி. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய மகள் எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

"எல்லாம் தப்புன்னு போட்டிருக்கே," என்றேன்.

"அப்போ புத்தகம்தான் தப்பு."

"அச்சடிச்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"தெரியும். அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க."

மறுநாளும் அதே பயிற்சியை எழுதினாள். ஒரு விடையைக்கூட மாற்றவில்லை. இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் கண்டதில்லை மச்சான், கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் பரீட்சையில் முட்டை வாங்கிக்கொண்டு அந்தத் துணி அறைக்கே திரும்பினால், கூட வேலை செய்கிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஆங்கிலம் அறியாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனசு கேட்காமல் புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டினேன். அவள் எழுதியது ஏழாம் பயிற்சி. நான் திருத்தியது எட்டாம் பயிற்சியின் விடைகளை வைத்து. ஏழாம் பயிற்சியின் விடைகளை வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பில்லை மச்சான், ஒன்றுகூட! வேறு பூட்டின் சாவியைப் போட்டுவிட்டுப் பூட்டைக் குறை சொல்லியிருக்கிறேன், அதுவும் நான். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வாருங்கள். இதை அவளிடம் சொல்லும்போது பக்கத்தில் நீங்கள் இருந்தால் தேவலை.